மட்டையும் ஸ்டெதாஸ்கோப்பும்: டாக்டர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: விளையாட்டைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர்களுக்கு மருத்துவமும் வேண்டும். நானும் 800 மீட்டர் ஓடிக்கொண்டே மருத்துவம் படித்தவள். இப்போது விளையாட்டுக் காயங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் ஆசிரியர் இந்தக் கட்டை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். சரி, பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 19. பாட்மிண்டன் வீராங்கனை. சர்வதேசத் தரவரிசையில் இப்போதுதான் மேலே வர ஆரம்பித்திருக்கிறேன், ஸ்பான்சரும் கிடைத்துவிட்டது. இந்த நேரம் பார்த்து மருத்துவக் கல்லூரியிலும் இடம் கிடைத்திருக்கிறது. டாக்டர் ஆக வேண்டும் என்று யாரும் என்னிடம் திணிக்கவில்லை, சின்ன வயதிலிருந்தே எனக்குள் இருக்கும் ஆசை. இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக முடியாது என்கிறார் என் கோச். கல்லூரி சீனியர்களோ, சமாளிக்கலாம் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: உன் வயதில் எனக்கு மகள் இருக்கிறாள், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

கோச் சொல்வது ஆட்டத்தைப் பொறுத்தவரை சரி. சீனியர்கள் சொல்வது முதல் கொஞ்ச காலத்துக்குச் சரி. இரண்டு பேருமே அடுத்தவர் உலகத்துக்குள் போய்ப் பார்த்ததில்லை.

உன் தரவரிசை எப்படிக் கணக்காகிறது என்பது உனக்கே தெரியும். கடைசி 52 வாரங்களில் நீ ஆடியவற்றில் சிறந்த பத்துப் போட்டிகளின் புள்ளிகள். ஒரு வருடம் முழுக்க ஆடாவிட்டால் பட்டியலில் உன் பெயருக்கு எதிரே எதுவும் மிஞ்சாது. பத்துப் போட்டி என்றால் குறைந்தது பத்து வாரம். பயணம், பயிற்சி, தோற்ற பிறகு வரும் சோர்வு எல்லாம் சேர்த்தால் அது இன்னும் நீளும். அந்தப் பக்கம் மருத்துவப் படிப்பில் இரண்டு வகை நாட்கள் உண்டு. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று போகும் ஆரம்பகாலம் பெரும்பாலும் புத்தகமும் லேபும். அதை ஓரளவு சூட்கேஸில் வைத்துப் போட்டி நடக்கும் ஊருக்குத் தூக்கிப் போகலாம். அப்புறம் வார்டு. வார்டை யாரும் தூக்கிப் போக முடியாது. நோயாளி இருக்கும் இடத்தில் நீ இருக்க வேண்டும், காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது நேற்று ராத்திரி அவருக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி உன்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் ரோஜர் பேனிஸ்டர் கதையைச் சொல்வார்கள். ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடியவர். 1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்டு, 3 நிமிடம் 59.4 வினாடி. அன்று காலைகூட லண்டனில் தன் மருத்துவமனைக்குப் போய்விட்டு ரயிலேறிப் போனவர். அங்கே லேபில் இருந்த சாணைக்கல்லில் தன் ஓட்டக் காலணியின் ஆணிகளைத் தீட்டிக்கொண்டார் என்பது எனக்குப் பிடித்த தகவல். ஆனால் கதை சொல்கிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுவார்கள். ஒன்று, அவர் தொழில்முறை வீரர் கிடையாது. மதிய இடைவேளையில் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் ஓடி உலக சாதனை செய்ய முடிந்த காலம் அது. இன்று உன்னோடு ஆடப்போகிறவர்கள் காலை மாலை இரண்டு வேளையும் கோர்ட்டில் நிற்கிறார்கள். இன்னொன்று, அதே 1954 முடிவதற்குள் அவர் ஓட்டத்தையே நிறுத்திவிட்டார். அடுத்த பல பத்தாண்டுகள் நரம்பியல் மருத்துவர். ஓட்டத்துக்கு ஒரு முடிவுத் தேதி வைத்துக்கொண்டதால்தான் அவருக்கு இரண்டும் கிடைத்தன.

உன் நிலைமைக்கு இன்னும் பொருத்தமானவர் கனடாக்காரர் லோரான் டுவெர்னே-டார்டிஃப். அமெரிக்கக் கால்பந்தில் கன்சாஸ் சிட்டி அணி அவரை 2014-இல் எடுத்தபோது மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர். பல்கலைக்கழகம் அவருடைய மீதிப் பயிற்சியைத் துண்டு துண்டாகப் பிரித்து, சீசன் இல்லாத மாதங்களில் முடிக்க விட்டது. 2018-இல் டாக்டர் ஆனார். 2020 பிப்ரவரியில் அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்றார். சில மாதத்தில் கொரோனா வந்ததும் முதியோர் பராமரிப்பு மையத்தில் வேலைக்குப் போனார், அந்த சீசனை ஆடவே இல்லை. இதில் கவனிக்க வேண்டியது அவருடைய திறமையை விட அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலைத்தான். அவருடைய ஆட்டத்தில் வருடத்தில் பல மாதங்கள் சீசன் கிடையாது. பாட்மிண்டனில் அந்த வசதி இல்லை, சுற்றுப் போட்டிகள் ஆண்டு முழுக்க ஓடும்.

படகுப் போட்டி வீராங்கனை இமோஜென் கிராண்ட்டையும் பார். கேம்பிரிட்ஜில் மருத்துவம். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவரும் அவர் இணையும் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார்கள். டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் இடைப்பட்ட காலத்தில் மருத்துவப் பட்டத்தை முடித்தார். 2024-இல் பாரிஸில் தங்கம்.

என்னைக் கேட்டால்: உன் கல்லூரி இடத்தை ஓரிரு வருடம் ஒத்திவைக்கச் சம்மதித்தால், ஆடு. முழுதாக ஆடு. சம்மதிக்காவிட்டால் சேர்ந்துவிடு, வார்டுக்கு முந்தைய பகுதியைக் குறைந்த போட்டிகளோடு முடி, வார்டு தொடங்கும் எல்லையில் இடைவெளி கேள். படிப்பே தானாக வளைந்துகொடுக்கும் இடம் அதுதான். இதற்கு விலை உண்டு. இரண்டு வருடம் கழித்துத் திரும்பும்போது கையிலுள்ள நரம்புகளின் பெயர்கூட மறந்திருக்கும். முதல் மாதங்களில் ஜூனியர் பசங்களுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. அந்த வெட்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம், தரவரிசையில் ஏறும் வயதுதான் திரும்ப வராது.

கல்லூரியில் கேட்க வேண்டியதை எழுத்தில் கேள், பதிலையும் எழுத்தில் வாங்கு. படிப்பை முடிக்க அதிகபட்சம் எத்தனை வருடம்? இடைவெளி எத்தனை முறை எடுக்கலாம்? வருகைப் பதிவு பாடவாரியாகவா, மொத்தமாகவா? தவறிய போஸ்டிங்கை அடுத்த பேட்சோடு சேர்ந்து செய்தால் கணக்கில் வருமா? நேரில் போனால் "பார்த்துக்கலாம்மா" என்பார்கள். டீன் மாறும்போது அந்த 'பார்த்துக்கலாம்' அவரோடேயே கிளம்பிப் போய்விடும்.

தூக்கத்தைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறவர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். படித்தது மூளையில் தங்குவதும், பயிற்சியில் தேய்ந்த தசை சரியாவதும் தூங்கும்போதுதான். ராத்திரி முழுக்கப் படித்துவிட்டுக் காலையில் கோர்ட்டுக்குப் போனால் படிப்பும் தங்காது, கணுக்காலும் பிசகும். என் கிளினிக்குக்கு அப்படி வருகிறவர்கள் உண்டு.

கடைசியாக, எந்த வயதுக்குள் எந்த இடத்தை எட்டாவிட்டால் மட்டையை வைத்துவிடுவாய் என்பதை இப்போதே கோச்சோடு உட்கார்ந்து எழுது. தோற்றுத் திரும்பும் விமானத்தில் அதை முடிவு செய்யாதே.

கேள்வி: என் மகன் மூன்றாம் வருட மருத்துவ மாணவன். ஒரு கால்பந்து கிளப் அவனுக்கு ஒப்பந்தம் தருகிறேன் என்கிறது. படிப்பை விட்டுவிடப் போகிறானாம். வீட்டில் தினமும் சண்டை. நீங்கள் எழுதினால் கேட்பான். கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்.

பதில்: சார், மன்னிக்கணும், புத்தி சொல்லப் போவதில்லை. முதலில் அந்த ஒப்பந்தத்தை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். எத்தனை சீசனுக்கு? முழங்கால் ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன் செலவு யாருடையது, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா? கிளப் நினைத்தால் நடுவில் முறித்துக்கொள்ளலாமா? தேர்வுக்கு விடுப்பு தருவார்களா? பல வீடுகளில் சண்டை நடக்கும் அளவுக்கு ஒப்பந்தத்தைப் படிப்பது நடப்பதில்லை.

அடுத்தது, படிப்பை விடுவது வேறு, நிறுத்திவைப்பது வேறு. பையன் கோபத்தில் முதலாவதைச் சொல்கிறான். நீங்களும் அதையே பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். கல்லூரியில் விதிப்படி இடைவெளி எடுக்க முடியுமா என்று விசாரித்தீர்களா?

பிரேசில் அணியின் கேப்டனாக 1982 உலகக் கோப்பையில் ஆடிய சாக்ரட்டீஸ் ஒரு டாக்டர். ரிபேரோ பிரேட்டோ என்ற ஊரில் படித்துக்கொண்டே அந்த ஊர் கிளப்பான பொட்டாஃபோகோவுக்கு ஆடினார். படிப்பை முடித்த பிறகே 1978-இல் பெரிய கிளப்பான கொரிந்தியன்ஸுக்குப் போனார். சின்ன கிளப், பக்கத்திலேயே கல்லூரி. அவரால் முடிந்ததற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம். (டாக்டராக இருந்தும் சிகரெட்டையும் குடியையும் விடாதவர், 57 வயதில் போய்விட்டார். படித்தால் மட்டும் உடம்பு கேட்டுவிடாது.) உங்கள் மகனைக் கூப்பிடும் கிளப் எங்கே இருக்கிறது, கல்லூரியிலிருந்து எவ்வளவு தூரம் என்பது அதனால்தான் முக்கியம்.

தலிமெரன் ஆவோவின் பெயரையும் அவனிடம் சொல்லுங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் கால்பந்துக் கேப்டன், 1948 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் கொடியைத் தூக்கிப் போனவர். கல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டே மோகன் பகானுக்கு ஆடியவர். மகன் டாக்டராக வேண்டும் என்பது அவர் அப்பாவின் ஆசை. படிப்பை முடித்து நாகாலாந்துக்குத் திரும்பி, அங்கே மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாரே என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள், சார். "இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வெச்சேனே" என்ற வாக்கியத்தைக் கொஞ்ச நாள் வீட்டில் யாரும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் அவன் காது மூடிக்கொள்ளும், அப்புறம் ஒப்பந்தத்தை எங்கே படிப்பது?

கேள்வி: நான் ஹவுஸ் சர்ஜன். நீளம் தாண்டுதலில் தேசிய அணியில் இருக்கிறேன். ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் என் பெயரும் உண்டு. டியூட்டி நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது. ஏற்கெனவே ஒரு சோதனையைத் தவறவிட்டதாகப் பதிவாகிவிட்டது. அடிக்கடி சளியும் பிடிக்கிறது. நான் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: இந்தக் கட்டில் ரொம்ப அவசரமான கடிதம் உங்களுடையதுதான் தம்பி.

பட்டியலில் இருப்பவர் ஒவ்வொரு நாளும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் ஒரு மணி நேரத்தைக் குறித்து, அப்போது எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சோதனைக்காரர்கள் வரும்போது அங்கே இல்லாவிட்டால் அது ஒரு தவறல். விவரத்தைப் பதியாமல் விட்டாலும், தப்பாகப் பதிந்தாலும் அதுவும் ஒன்று. 12 மாதத்துக்குள் மூன்று சேர்ந்தால் ஊக்கமருந்து விதிமீறல். ஒரு மாத்திரைகூடத் தொடாதவருக்கும் வழக்கமாக இரண்டு வருடத் தடை. அங்கே போய் "எமர்ஜென்சி கேஸ் வந்துவிட்டது சார்" என்று சொல்லித் தப்பிப்பதும் கஷ்டம்.

மருத்துவமனையில் இருப்பவர்கள் மாட்டுவது பெரும்பாலும் டியூட்டி மாற்றிக்கொள்ளும் நாளில்தான். நண்பனுக்குக் கல்யாணம், அவனுடைய நைட்டை நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள். விவரத்தில் மட்டும் விடுதி அறை, காலை 6 மணி என்றே இருக்கும். குறித்த நேரம் தொடங்கும்வரை விவரத்தை மாற்றலாம் என்பதால், டியூட்டி மாற்றச் சம்மதிக்கும் அந்த நிமிஷமே போனை எடுத்து மாற்றிவிடுங்கள். வார்டைக் குறிக்கிறீர்கள் என்றால் எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த வாசல் என்று எழுதுங்கள். மருத்துவமனைப் பெயரை மட்டும் போட்டால் அவர்கள் உங்களைத் தேடியே அந்த ஒரு மணி நேரம் போய்விடும். வார்டு சிஸ்டரிடமும் வாட்ச்மேனிடமும் சொல்லி வையுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் நிற்கக்கூடிய நேரத்தைக் குறிக்கவே வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு நடுவில் வெளியே வர முடியாது.

சளிக்கு வருவோம். மூக்கடைப்பு மாத்திரை பலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். போட்டிக் காலத்தில் அது சிறுநீரில் ஒரு மில்லி லிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் விதிமீறல். போட்டிக் காலம் என்பது போட்டிக்கு முந்தின இரவு 11.59-க்கே தொடங்கிவிடும். அதனால் குறைந்தது ஒரு நாள் முன்பே நிறுத்துங்கள், இன்னும் முன்னால் நிறுத்தினால் நிம்மதி. ஸ்டீராய்டு ஊசி எந்த இடத்தில் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை, இது 2022 முதல் இருக்கும் விதி. எலும்பு வார்டில் நாம் தினமும் மூட்டுக்குள் போடுவது அதே ஊசிதான் என்பதால் நமக்கு அது சாதாரணமாகத் தெரியும்.

அப்புறம் டியூட்டி ரூம் டிரிப்ஸ். எல்லாருக்கும் தெரிந்த பழக்கம்தான்: இரண்டு நாள் தூங்காமல் நின்றவனைப் படுக்கவைத்து, பக்கத்தில் இருக்கும் நண்பன் ஒரு பாட்டிலை ஏற்றிவிடுவான். நீங்கள் மட்டும் படுக்காதீர்கள். 12 மணி நேரத்தில் 100 மில்லி லிட்டருக்கு மேல் நரம்பு வழியே ஏற்றுவது எப்போதும் தடை, வெறும் சலைனாக இருந்தாலும் சரி. முறையான மருத்துவமனைச் சிகிச்சைக்கு விலக்கு உண்டு. நண்பன் பாசத்தில் ஏற்றுவது அந்தக் கணக்கில் வராது. ஒரு சாதாரண பாட்டிலே 500 மில்லி.

நீங்களே டாக்டர் என்பதால் உங்களுக்கு நீங்களே மருந்து எழுதிக்கொள்ளவும் கூடாது. ஆஸ்துமா மாதிரி ஏதாவது இருந்து தடைப்பட்ட மருந்து தேவைப்பட்டால் வேறு மருத்துவர் ஒருவரின் குறிப்போடு சிகிச்சை விலக்குக்கு விண்ணப்பியுங்கள். டாக்டராக இருந்துகொண்டு "எனக்குத் தெரியாது" என்றால் விசாரணையில் யாரும் நம்பப்போவதில்லை.

கேள்வி: வயது 29. ஹாக்கியில் இன்னும் ஒரு சீசன் பாக்கி இருக்கலாம். அதன் பிறகு மருத்துவம் படிக்க ஆசைப்படுவது பைத்தியக்காரத்தனமா?

பதில்: இல்லை. 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்கள் ஸ்பீட் ஸ்கேட்டிங்கின் (பனித்தளத்தில் சறுக்கி ஓடும் பந்தயம்) ஐந்து தங்கத்தையும் எரிக் ஹைடன் ஒருவரே வாங்கினார். அப்புறம் சைக்கிள் பந்தயத்துக்குப் போனார், 1986-இல் டூர் தி பிரான்ஸிலும் ஓட்டினார். ஸ்டான்ஃபோர்டில் மருத்துவப் பட்டம் வாங்கியது 1991-இல், வயது முப்பதைத் தாண்டிய பிறகு. எலும்பு முறிவு நிபுணர் ஆனார். உங்கள் ஆட்டத்திலேயே வேஸ் பயஸ் இருந்தார். 1972 மியூனிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியில் ஆடியவர், விளையாட்டு மருத்துவர். கிரிக்கெட்டின் டபிள்யூ. ஜி. கிரேஸ் 1868-இல் மருத்துவம் படிக்க ஆரம்பித்து 1879-இல்தான் முடித்தார். நடுவில் ரன் எடுத்துக்கொண்டிருந்தார்.

சேர்க்கைக்கான வயது வரம்பை மட்டும் முதலில் பாருங்கள், இடத்துக்கு இடம் மாறும். மற்றபடி கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழகியவர். இங்கே பத்து வயது சின்னவன் உங்களுக்கு வேலை சொல்வான். ஐந்து தங்கம் வாங்கியவரும் பயிற்சிக் காலத்தில், ஆபரேஷனில் சதையை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருப்பார். சேருவதற்கு முன்னால் தெரிந்த மருத்துவர் யாரையாவது கேட்டு, அனுமதியோடு சில நாள் புறநோயாளிகள் பிரிவில் ஓரமாக நின்று பாருங்கள். மதியம் ஆகியும் வரிசை குறையாதபோது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, அடுத்தவருக்கு என்ன என்று கேட்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி: நான் விக்கெட் கீப்பர், மருத்துவம் முதல் வருடம். பின்னால் சர்ஜன் ஆக ஆசை. விரல்கள் தாங்குமா?

பதில்: நிறைய கீப்பர்களின் விரல்களைப் பார்த்தவள் என்ற முறையில், எனக்குப் பெரிய எலும்பு முறிவுகளை விட விரல் நுனிக் காயம்தான் பயம். பந்து நுனியில் குத்தும்போது விரலை நிமிர்த்தும் தசைநாண் அறுந்துவிடும். நுனி மட்டும் கீழே தொங்கும், பெரிதாக வலிக்காது, டேப் சுற்றிக்கொண்டு ஆடி முடிப்பார்கள். உடனே கவனித்தால் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டாம். நுனி மூட்டை நேராக வைத்து ஆறிலிருந்து எட்டு வாரம் ஸ்பிளின்ட் (விரலை அசையாமல் பிடிக்கும் பட்டை) போட்டால் போதும். ஆனால் ராத்திரி பகல் முழுக்க. குளிக்கும்போது கழற்றி ஒரு தடவை நுனி மடங்கினாலும் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும். விட்டுவிட்டால் விரல் அப்படியே வளைந்து நிற்கும். முடிச்சுப் போடும் கைக்கு அது வேண்டாத தலைவலி.

அதனால் ஆடுங்கள். விரல் நுனி தானாக நிமிரவில்லை என்றால் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், மேட்ச் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பழைய கையுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.